சுமை இறக்கும் இடம்

பொதிகை நோக்கிச் சென்றுகொண்டிருந்தான் இடும்பன். தோளில் ஒரு தண்டு; அதன் இரு முனைகளிலும் இரு குன்றுகள். சிவகிரி, சக்திகிரி என்னும் அவ்விரண்டையும் தெற்கே கொண்டுவருமாறு அகத்திய மாமுனிவர் அவனைப் பணித்திருந்தார். நெடுவழி நடந்த களைப்பில், திருவாவினன்குடிக்கு அருகே வந்தபோது சற்றே இளைப்பாற எண்ணிச் சுமையை இறக்கினான். களைப்பு நீங்கி மீண்டும் தூக்க முயன்றபோது ஒரு குன்று அசைய மறுத்தது. நிமிர்ந்து பார்த்தான். உச்சியில் கோவணம் தரித்த சிறுவன் ஒருவன், கையில் தண்டத்துடன் நின்றுகொண்டிருந்தான்.

அதன்பின் நிகழ்ந்த போரும், இடும்பன் மாண்டு மீண்டு எழுந்ததும், காவடி ஏந்தும் அடியார் அனைவருக்கும் அவனே முன்னோடியாகி, மலைப்படிகளின் நடுவே தனக்கென ஒரு சந்நிதி பெற்றதும் பக்தர்கள் நன்கறிந்த வரலாறு. ஆனால் அவன் சுமை இறக்கிய அந்த ஒரு கணத்தைச் சற்று நின்று நோக்கலாம். இடும்பன் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் கால் ஓய்ந்தது ஒன்றே. சிறிது நேரம் தங்கிச் செல்வதற்கு ஓர் இடம். அவ்வளவுதான் அவன் வேண்டியது. அந்த இடமோ முன்பே ஒருவருக்கு உரியதாக இருந்தது. தங்க வந்தவன் அதை அறியவில்லை, அறிந்தபின் வணங்கினான்.

பழநிக்கும் அதன் பின்னே உயர்ந்து நிற்கும் கொடைக்கானல் மலைகளுக்கும் செல்வோர் அனைவரும் ஏதோ ஓரிடத்தில் சுமையை இறக்கத்தான் வேண்டும். எங்கே இறக்குவது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும். அவ்விருப்பம் தவறன்று. ஆறுமுகப் பெருமானே இடம் தேர்ந்தவர்தாம்.

பெருமான் தேர்ந்த இடம்

ஞானப்பழம் கிடைக்காமல் கயிலையை விட்டு நீங்கிய முருகன் நேரே பழநிக்கு வந்துவிடவில்லை என்கிறது தாண்டிக்குடியின் தலவரலாறு. கீழ்ப்பழநி மலையில், இன்று காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்து நிற்கும் தாண்டிக்குடியில்தான் அவர் முதலில் வந்து தங்கினாராம். பின்னர் அங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழநிக் குன்றை அடைந்தாராம். தாண்டிக்குதி என்பதே தாண்டிக்குடி ஆயிற்று என்று அவ்வூரார் கூறுவர். பாலமுருகனாக அவர் அங்கே இன்றும் அருள்பாலிக்கிறார். பழநிக்குச் செல்லும் அன்பர்களில் பலர் இவ்வூர்ப் பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி. ஆனால் மலைவாழ் மக்களுக்கு அது பெருமான் ஒருமுறை தங்கிச் சென்ற முற்றம்.

அறுபடை வீடு என்னும் சொல்லிலும் இப்பொருள் பொதிந்திருக்கிறது. படைவீடு என்பது படை தங்குமிடம், பாசறை. போருக்குச் செல்லும் தலைவன் தன் சேனையுடன் இளைப்பாறும் இடத்தைப் படைவீடு என்றனர் முன்னோர். அவ்வாறு எண்ணப்படும் ஆறு தலங்களில் மூன்றாவது திருவாவினன்குடி என்னும் பழநி. ஆயினும் இங்கே பெருமானிடம் படை இல்லை, அணிகலன் இல்லை, உடைமை என்று சொல்ல ஒரு கோவணமும் ஒரு தண்டமுமே உண்டு. தங்குமிடம் தேர்ந்தவர்களில் இவ்வளவு குறைந்த மூட்டையுடன் வந்தவர் வேறு ஒருவர் இரார்.

அடியார்களின் நிலையோ வேறு. பாய், தலையணை, வெந்நீர்ப் புட்டி, மருந்துப் பெட்டி, கம்பளி, ஊறுகாய் என்று மூட்டைகள் பெருகுகின்றன. இக்காலத்தில் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படும் வழக்கமும் வந்திருக்கிறது. படுக்கையும் சமையல் மேடையும் குளியலறையும் கொண்ட கேரவன் வண்டிகளை முன்பெல்லாம் சினிமாப் படப்பிடிப்பில்தான் காணலாம். அண்டை மாநிலமான கேரளத்தில் அவற்றுக்கென்றே 2021ஆம் ஆண்டில் ஒரு சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய வண்டி இல்லாத குடும்பங்கள் வேனில் காஸ் அடுப்பையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு வருகின்றன. வண்டி எதுவாயினும் வினா ஒன்றே: இன்றிரவு இதை எங்கே நிறுத்துவது?

அவ்வேளையில் வண்டிக்குள் எழும் பேச்சு எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவானது. பாட்டிக்குக் கோபுரம் கண்ணில் படும் இடம் வேண்டும். விடியலில் எழுந்தவுடன் கைகூப்ப வேண்டும். தாத்தாவுக்குக் கழிப்பறை அருகில் இருக்க வேண்டும்; அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்கி, நடக்க முடியவில்லை என்று மட்டும் சொல்வார். மகனுக்குக் கூட்டம் இல்லாத இடம் வேண்டும். மருமகளுக்குத் தண்ணீர்க் குழாய் அருகே இருந்தால் போதும். பேரப்பிள்ளைகளுக்கோ மலை விளிம்பில் கூடாரம் அடித்து மேகத்தைத் தொட வேண்டும். இவர்கள் எல்லோரும் ஒரே வண்டியில்தான் வந்திருக்கிறார்கள். எந்த விருப்பத்தை முன்னே வைப்பது? இதற்கு விடை கூறும் மரபு ஒன்று பழநிச் சாலையிலேயே நெடுங்காலமாக நடந்துவருகிறது.

காளைகள் வகுத்த நெறி

தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் பெருமக்கள் குன்றக்குடியில் கூடிக் காவடிகளுடன் பழநிக்கு நடந்து வருகின்றனர். நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாகப் போற்றப்படும் மரபு இது. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. காவடி செலுத்தியபின் நடந்தே ஊர் திரும்பும் முறையையும் அவர்களில் பலர் விடாது பேணுகின்றனர். இந்த யாத்திரையுடன் மாட்டுவண்டிகளும் செல்லும். வேலும், வழிபாட்டுப் பொருள்களும், அரிசி பருப்பும் பாத்திரங்களும் வண்டிகளில் ஏறின. நடப்பவர்களுக்கு முன்பாகவே வண்டி தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். அப்போதுதான் அவர்கள் வந்து சேரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

மாட்டுவண்டிப் பயணத்தில் தங்குமிடத்தைத் தீர்மானிப்பவை காளைகள். மனிதன் இன்னும் இரண்டு கல் தொலைவு நடந்துவிடலாம் என்று எண்ணுவான், காளை நின்றுவிடும். ஆகவே பழைய வழித்தங்கல்கள் அனைத்தும் காளைகளின் தேவையை ஒட்டியே அமைந்தன. முதலில் தண்ணீர்: கிணறோ, ஊருணியோ, கல்தொட்டியோ அருகில் வேண்டும். அடுத்து நிழல்: ஆலமரமோ புளியமரமோ தோப்போ இருக்க வேண்டும். பிறகு வைக்கோல் கிடைக்கும் ஊர். இம்மூன்றும் வாய்த்தபின் அருகே ஒரு கோயில் இருந்தால் அது பெரும்பேறு. சுமந்து வரும் உயிரின் நலம் முன்னே, சுமத்திய மனிதனின் விருப்பம் பின்னே என்பது அந்த வரிசை.

அத்தங்கல்களின் நினைவு ஊர்ப் பெயர்களிலேயே நிலைத்துவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து பழநி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அவ்வழியில் ரெட்டியார்சத்திரம் ஒன்று, ஒட்டன்சத்திரம் மற்றொன்று. இரு பெயர்களிலும் சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்ததையே தம் பெயராகக் கொண்ட ஊர்கள் அவை.

சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களும் நின்றன. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, தோள் உயரத்தில் அமைத்திருப்பர். தலைச்சுமையுடன் வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு நின்றபடி மூச்சு வாங்கலாம். மீண்டும் தாமே ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில், மகப்பேறு காணாமல் இறந்த பெண்களின் நினைவாக அவர்களுடைய குடும்பத்தார் அக்கற்களை நாட்டுவது தமிழகத்து வழக்கம். இறக்கி வைக்க இயலாத சுமையுடன் போன ஒருத்திக்காக, முகம் அறியாத வழிப்போக்கர் ஒவ்வொருவரும் ஒரு கணம் சுமை இறக்கிச் செல்லட்டும் என்னும் எண்ணம் அது. சாலைகள் அகன்றபோது பல இடங்களில் இக்கற்கள் பெயர்க்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றைக் காணும்போது, நாம் இளைப்பாறும் ஒவ்வோர் இடத்தையும் முன்பு ஒருவர் நமக்காக ஆயத்தம் செய்து வைத்தார் என்ற உணர்வு தோன்றாமற் போகாது.

இன்று வேனுக்குக் காளைகள் இல்லை, ஓட்டுநர் இருக்கிறார். தங்குமிடம் தேர்வதில் பெரும்பாலும் மறக்கப்படுபவர் அவரே. குடும்பம் அறைக்குள் உறங்கச் செல்லும். அவர் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கொசுக்கடியில் இரவைக் கழிப்பார். மறுநாள் காலையில் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்பப்போவதும் அவரே. காளைக்கு வைக்கோலும் தண்ணீரும் தேடிய முன்னோர் இன்று இருந்தால், ஓட்டுநருக்குப் பாயும் போர்வையும் எங்கே என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

மலைமேல் ஓர் இரவு

பழநியில் எல்லா அடியார்களும் விரும்பும், எவருக்கும் எளிதில் வாய்க்காத ஒரு தங்குமிடம் உண்டு. அது மலையுச்சி. இராக்கால பூஜை முடிந்து நடை சாத்தப்பட்டபின் மலையிலிருந்து அனைவரும் இறங்கிவிட வேண்டும். இந்நியதிக்கு ஆண்டுக்கு ஓர் இரவு மட்டும் ஒரு விலக்கு. சேலம் மாவட்டம் எடப்பாடியைச் சேர்ந்த பருவதராஜகுல அடியார்கள் தைப்பூசம் முடிந்தபின் காவடிகளுடன் நடந்து வருவர். மலைமேல் அவ்வோர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு வழிவழியாக இருந்துவருகிறது.

அந்த இரவை அவர்கள் எவ்வாறு கழிக்கின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மலைவாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றைச் சேர்த்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கின்றனர். ஒரு பகுதி பெருமானுக்குப் படைக்கப்படும். எஞ்சியது அடியார்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். கிடைத்தற்கரிய இடம் கிடைத்த இரவில் அவர்கள் உறக்கத்தைத் தேடவில்லை, உழைப்பைக் கொடுக்கிறார்கள். தங்கும் உரிமை அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதன் பொருளும் இதிலிருந்து ஒருவாறு விளங்கும்.

மலையடிவாரத்தில் தங்கும் மற்றவர்களுக்கும் குறையொன்றும் இல்லை. தேவஸ்தான விடுதிகள் இருக்கின்றன. ஏறத்தாழ எழுநூறு படிகளை ஏற இயலாதவர்களுக்கு, சரிவாகச் செல்லும் யானைப்பாதையும், இழுவை ரயிலும், ரோப் காரும் உண்டு. கிரிவீதிக்குள் தனியார் வாகனங்களுக்கு இப்போது இடமில்லை. முதியோருக்குப் பேட்டரி வாகனங்கள் ஓடுகின்றன. ஆகவே வண்டியை மலையை ஒட்டியே நிறுத்த வேண்டும் என்ற பிடிவாதம் தேவையற்றது. அடிவாரத்திலிருந்து சற்றுத் தள்ளி, கூட்ட இரைச்சல் இல்லாத இடத்தில் தங்குவதே முதியோர் உறக்கத்துக்கு நல்லது. தைப்பூசம், பங்குனி உத்திர நாட்களில் நடந்து வந்த இலட்சக்கணக்கானோர் கிடைத்த திண்ணையில் தலைசாய்ப்பர். வண்டியில் வந்தவர் அந்நாட்களைத் தவிர்த்து வேறு நாளில் வந்தால், நடந்து வந்த ஒருவருக்கு ஓர் இடம் மிஞ்சும்.

குளிர்ந்த மலையின் விருந்தினர்

பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஏற ஏறச் சமவெளியின் வெப்பம் குறையும். பின்னே திரும்பிப் பார்த்தால் தண்டாயுதபாணியின் குன்று சிறு கூழாங்கல்போல் கீழே தெரியும். மற்றொரு பாதை வத்தலக்குண்டிலிருந்து வருகிறது. இப்பாதைகள் இல்லாத காலத்தில் கொடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பயணம் செய்து, மலையடியில் உள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைவர். அங்கே இளைப்பாறிவிட்டு நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ மலை ஏறுவர். அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குக் கோடை ரோடு என்று பெயர் வந்ததும் அதனால்தான். அங்கும் முதல் தங்கல் ஒரு தோப்புதான் என்பதைக் கவனிக்கலாம்.

மலைமேல் இடம் தேடியவர்களின் நோக்கங்கள் பலவாக இருந்தன. 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் காய்ச்சலுக்கும் வெப்பத்துக்கும் அஞ்சி, உடல்நலம் ஒன்றையே கருதி, அங்கே முதன்முதலில் இரு வீடுகளைக் கட்டினர். 1863ஆம் ஆண்டில் வெர் லெவிஞ்ச் என்னும் ஆங்கில அதிகாரி ஓடையைத் தடுத்து ஏரியை அமைத்தார். அதன்பின் ஏரிக்கரையே எல்லோரும் விரும்பும் இடமாயிற்று.

ஒரு பெண்மணியின் விருப்பம் மட்டும் வேறாக இருந்தது. இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் அவர். ஐரோப்பிய வழியில் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, லீலாவதி என்னும் பெயர் ஏற்றவர். கணவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1936ஆம் ஆண்டில், ஏரியிலிருந்து விலகி, மலைச்சரிவு திறந்து கிடக்கும் ஓரிடத்தில் முருகனுக்கு அவர் எழுப்பிய கோயிலே குறிஞ்சி ஆண்டவர் கோயில். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கே நின்றால் கீழே பழநிக் குன்றைக் காணலாம். ஏரியைக் காண வந்தவர்கள் நடுவே, பழநியைக் காணத்தக்க இடத்தைத் தேடிக் கண்டவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அச்சரிவுகளில் குறிஞ்சி மலர்கிறது. 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் மலர்ந்தது. அடுத்து 2030ஆம் ஆண்டில் மலர வேண்டும். மலை தன் விருந்தினரைக் காக்க வைத்தே விருந்து படைக்கிறது.

பூம்பாறையில் துயின்ற அருளாளர்

கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே, படிப்படியாக இறங்கும் வயல்களின் நடுவே இருக்கிறது பூம்பாறை. மலைப்பூண்டு விளையும் ஊர். அங்கே எழுந்தருளியிருப்பவர் குழந்தை வேலப்பர். அத்திருமேனியைப் போகர் அமைத்ததாக மரபு கூறுகிறது. தை மாதத்தில் அங்கே தேரோட்டம் உண்டு.

அப்பெயர் வந்ததற்குத் தலவரலாறு ஒரு காரணம் சொல்கிறது. அருணகிரிநாதர் அங்கே வந்து பெருமானைப் பாடிவிட்டு, இரவில் கோயில் மண்டபத்திலேயே படுத்து உறங்கினார். நள்ளிரவில் அரக்கி ஒருத்தி அவரைக் கொல்ல வந்தாள். அப்போது முருகன் குழந்தை வடிவெடுத்து, உறங்குபவரின் மேல் விளையாடிக்கொண்டிருந்தான். காவி உடுத்துத் துயிலும் உருவமும் அருகே குழந்தையும் தென்படவே, தாயும் பிள்ளையும் உறங்குகின்றனர் என்றெண்ணி அவள் விலகிப் போனாள். அன்று முதல் பெருமானுக்குக் குழந்தை வேலப்பர் என்பது பெயராயிற்று.

காட்டூரில் இரவு தங்க நேர்ந்தவர் ஒருவரை அவ்வூரின் தெய்வம் காத்த கதை இது. மலையில் இரவு என்பது எளிதன்று என்பதையும் இது உணர்த்துகிறது. அந்த எச்சரிக்கைக்கு இன்றும் பொருள் உண்டு. இம்மலைகளின் பெரும்பகுதி 2013ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையும் சிறுத்தையும் உலவும் காடு. காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே வந்து புல் மேயும். காட்டோரத்தில் வண்டியை நிறுத்திச் சமைப்பதும், அனுமதியற்ற இடத்தில் கூடாரம் அடிப்பதும் சட்டத்துக்கு மாறானவை. அவ்வழி வரும் விலங்குக்கும் அது இடையூறு. எனவே பேரப்பிள்ளைகளின் மலைவிளிம்புக் கூடாரத்தை மட்டும் பெரியோர் மறுக்கத்தான் வேண்டும். அந்த இடமும் முன்பே ஒருவருக்கு உரியது.

குளிரைப் பற்றியும் முதியோர் அறிந்திருப்பது நலம். மார்கழி, தை மாத இரவுகளில் கொடைக்கானலில் வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். குளிர்காய்வதற்காக மூடிய வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரியடுப்பை மூட்டுவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறங்குபவர் அறியாமலே உயிர் போய்விடும். கம்பளியும் காதுக்குல்லாயும் வெந்நீருமே தக்க காவல். மூச்சுத் தொல்லையும் இதயநோயும் உடையவர்கள் இரவைச் சமவெளியில் பழநியில் கழித்து, பகலில் மட்டும் மலைக்குச் சென்று திரும்பலாம். கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி வந்த ஏற்பாடு இது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்னும் கவலையிலிருந்து எழுந்தது.

ஆறாகி வரும் நீர்

பழநிக்கு வரும் பாதயாத்திரை அடியார்கள் சண்முக நதியில் நீராடி, அதன்பின்னரே மலைக்குச் செல்வது வழக்கம். அந்நதிக்கு நீர் தருபவை பழநி மலைகளின் வடசரிவில் பிறக்கும் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி முதலியவை. மேலே மலைப்பாதையோரம் நிழல் நன்றாக இருக்கிறதென்று வண்டியை நிறுத்தி உண்டவர் எறிந்த இலையும், கவிழ்த்த எண்ணெயும், கழித்த கழிவும் மழைநாளில் எவ்வழி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே தங்கியவர் விட்டுச் சென்றது, கீழே விரதம் இருந்து வருபவரின் தலையில் நீராக விழும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தால், எங்கே தங்குவது என்னும் வினாவோடு எப்படிப் புறப்படுவது என்னும் வினாவும் சேர்ந்துவிடும்.

பழைய யாத்திரைகளில் புறப்பாட்டுக்கும் ஒரு முறை இருந்தது. காவடியைத் தரையில் வைப்பதில்லை என்று நோன்பு கொண்டவர்கள் அதற்கென அமைத்த தாங்கியில் தொங்கவிட்டு, அதன்முன் விளக்கேற்றுவர். காவடி நின்ற இடம் அவ்வோர் இரவுக்குக் கோயில். கோயிலைக் குப்பையாக விட்டுச் செல்ல எவருக்கும் மனம் வராது. ஒரு வேனின் முகப்பிலும் சிறு வேல் ஒன்றோ, பழநியாண்டவர் படம் ஒன்றோ இருக்கத்தான் செய்கிறது. அது நின்ற இடமும் அவ்வோர் இரவுக்குக் கோயிலே.

வண்டிக்குள் எழுந்த விருப்பங்களுக்கும் இப்போது வழி தெரிகிறது. ஓட்டுநர் உறங்க இடமும், தாத்தா தயங்காமல் சென்றுவர வசதியும், மருமகள் கேட்ட தண்ணீரும் உள்ள இடமே முதல் தேர்வு. கோபுரம் அங்கிருந்து தெரியாவிட்டாலும் பாட்டி வருந்த மாட்டார். திசை தெரிந்தால் அவருக்குப் போதும்.

இருள் பிரியும் முன்பே காவடிகள் தோளேறுகின்றன. தோப்பில் படுத்திருந்த காளைகள் எழுந்து உடலைச் சிலிர்க்கின்றன. வண்டி பூட்டப்படுகிறது. அரோகரா முழக்கம் சாலையில் நகர்ந்து மெல்லத் தேய்கிறது. கடைசியாகப் புறப்படும் முதியவர் ஒருவர் மட்டும் திரும்பி வந்து, அடுப்புச் சாம்பலில் ஒரு செம்பு நீரைத் தெளித்து, கற்களை ஓரமாக அடுக்கி வைக்கிறார். அடுத்து வருபவருக்கு அவை வேண்டியிருக்கும்.